ஊரோடு நகர்ந்த பள்ளிக்கூடம்

கொலாப் டீச்சர் பாத்தம்பாங் பக்கத்து நெல்வயல்களில் பிறந்து வளர்ந்தவள். காலுக்குக் கீழே மண் இல்லாத இடத்தில் படுத்துப் பழகாதவள். வீடுகளே மிதக்கும் நம் ஏரிக்கு வேலையாக வந்த அன்று, படகிலிருந்து பள்ளிக்கூட மிதவைக்குக் கால் மாற்றும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. இன்றைக்கு அவளே படகு தள்ளிக்கொண்டு மீன் வாங்கப் போகிறாள். அதற்காக அவளுக்குத் தண்ணீர்ப் பயம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பயம் இருக்கிறது. பயத்தை மடியில் கட்டிக்கொண்டே அவள் அத்தனையும் செய்தாள், பெருமை அதில்தான்.

மழைக்காலத்தில் ஏரி காட்டுக்குள் ஏறும். தண்ணீர்த் திருவிழா முடிந்தால் இறங்கத் தொடங்கும். தண்ணீர் போகிற பக்கம் வீடுகளும் போகும். கடை போகும், கோழிக்கூண்டு போகும், பன்றிக்கொட்டில்கூடப் போகும். பள்ளிக்கூடம் மட்டும் அதிகாரிகள் கட்டிவைத்த இடத்திலேயே கிடக்கும். அவ்வளவு தூரம் துடுப்புப் போட்டு வர எந்தப் பிள்ளையால் முடியும்? பெரியவை வலைக்குப் போய்விடும். சின்னவற்றைத் தனியே அனுப்பத் தாய்க்கு மனம் வராது. கோடை வரைக்கும் கொலாப் காலிப் பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

முதல் வருஷம் அழுதாள். அடுத்த வருஷம் பட்டணத்துக்குப் போய், பள்ளிக்கூடத்தையும் ஊரோடு இழுத்துத் தரச் சொல்லிக் கல்வி அலுவலகத்தில் நின்றாள்.

"இழுக்கறதுக்கு எங்ககிட்ட படகும் இல்ல, ஆளும் இல்லம்மா" என்றார் அங்கே இருந்த அதிகாரி. "இந்த வருஷமும் பிள்ளைங்க வரலைன்னா மூடிடுவோம். உங்களையும் தரைப் பக்கம் மாத்திடறோம். உங்களுக்கும் நல்லதுதானே?"

மூடிவிட்டால் நம் பிள்ளைகளுக்கு எழுத்து கிடையாது. அது அவளுக்குத் தெரியும். ஊரையே கூப்பிட்டுப் பள்ளிக்கூடத்தை இழுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் படகோடு வரவேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினாள். வருகிறவர்களுக்கென்று பெரிய பானையில் கஞ்சி காய்ச்சினாள். ஒரு படகும் வரவில்லை. இஞ்சின் பழுது பார்க்கிற யான் மட்டும் தன் பெரிய படகில் அந்த வழியாகப் போனான். அவனும் தலையைத் திருப்பவில்லை. கஞ்சி மீனுக்குப் போயிற்று.

மறுநாள் வகுப்பில் அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உங்க அப்பா அம்மாவுக்கு உங்க படிப்பு மேல அக்கறையே இல்ல" என்று சொல்லிவிட்டாள். பள்ளி விடுவதற்கு முன்பே அந்தச் சொல் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

முதலில் படகைத் திருப்பிக்கொண்டு வந்தவள் சிம். மீனைப் புகை போட்டு விற்கிறவள், அவள் பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள். கொலாப்பைவிட வயதில் சின்னவள், வாய் மட்டும் பெரியது.

"எங்களுக்கு அக்கறை இல்லைன்னு சொன்னியாமே டீச்சர்?"

"வரச் சொன்னேன், யாருமே வரலையே சிம்."

"யாரு வரச் சொன்னா? நீயா? என் வீட்டுப் பக்கம் எப்ப வந்த நீ?"

"பிள்ளைங்ககிட்ட சொல்லி அனுப்பினேனே."

"பிள்ளைங்ககிட்ட சொல்லி விட்டா கடையில உப்பு வாங்கிட்டு வரும். வீடு இழுக்க ஆள் வருமா?"

கொலாப் தரைக்காரி, அவளுக்கு எப்படித் தெரியும்? நம் ஏரியில் வீட்டை நகர்த்த நினைக்கிறவர் தன் படகில், தன் கையால் துடுப்புப் போட்டு, ஒவ்வொரு வாசலுக்கும் போகவேண்டும். உட்காரவேண்டும், போட்டதைச் சாப்பிடவேண்டும், காற்றையும் மீனையும் பற்றிப் பேசவேண்டும். கேட்க வந்ததைக் கடைசியில்தான் கேட்கவேண்டும். கேட்காத வீட்டின் கயிற்றை யாரும் தொடமாட்டார்கள்.

"அடுத்தவன் வீட்டுக் கயித்தைத் தொட்டா திருட்டு" என்றாள் சிம். "சர்க்கார் வீட்டுக் கயித்தைத் தொட்டா ஜெயிலு. அப்புறம் ஸ்கூலுலருந்து ஆள் வருதுன்னாலே எங்களுக்குப் பகீர்ங்குது. என் மவன் எவன் பல்லையோ உடைச்சிட்டான்னு அர்த்தம். வேற எதுக்காச்சும் நீங்க கூப்பிட்டிருக்கீங்களா?"

"நான் வீடு வீடா வந்து கேட்டா வருவாங்களா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? போய்க் கேளு."

"எனக்குப் படகு விடத் தெரியாதே."

"எழுதத் தெரிஞ்சுக்கிட்டா எங்க பிள்ளைங்க உன்கிட்ட வந்துச்சு?"

அன்று சாயங்காலமே கொலாப் துடுப்பைக் கையில் எடுத்தாள். படகு முன்னே போகாமல் தன்னையே சுற்றிச் சுற்றி வந்தது. ஆகாயத்தாமரைக்குள் போய் மாட்டிக்கொண்டாள். ஒரு தடவை தண்ணீரிலேயே விழுந்து, மிதவை மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினாள். நான் ஓட்டுகிறேன் என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். தன் கையால் என்றால் தன் கையால்தான். அந்தப் பிடிவாதத்தைப் பார்த்தபிறகுதான் ஊருக்கே அவள்மேல் ஒரு இது வந்தது.

பள்ளி விட்டதும் தினமும் ஏதாவது ஒரு வீடு. யான் வீட்டுக்குப் போனபோது அவன் முகம் வெளுத்துவிட்டது.

"எங்க பொண்ணு தாவி என்ன தப்பு பண்ணிட்டா?"

"ஒண்ணும் பண்ணலண்ணே. வாசிக்கறதுதான் கொஞ்சம் மெதுவு. ஆனா கணக்கை மனசுலயே போட்டுடறா. நான் எழுதி முடிக்கறதுக்குள்ள விடை சொல்லிடறா."

"இதைச் சொல்லவா இம்புட்டு தூரம் வந்தீங்க?" யான் உள்பக்கம் திரும்பினான். "ஏய், இங்க வா! டீச்சர், இப்ப சொன்னதை இன்னொரு வாட்டி சொல்லுங்க."

அவள் சொன்னாள். பெண்டாட்டி வந்து கேட்டாள், பிறகு அவன் அம்மா வந்து கேட்டாள். சோறு வந்தது. ப்ரஹோக் மீன் ஊறலில் மிளகாயை அள்ளிப் போட்டிருந்தார்கள். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டக் கொலாப் தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

"நாங்களும் ஒண்ணு சொல்லலாமா?" என்றான் யான். "காலைல வலை எடுக்கற நேரத்துல பிள்ளைங்க கை வேணும். அந்த நேரம் பாத்து நீங்க மணி அடிக்கறீங்க. அது எந்தப் பக்கம் ஓடும்?"

இத்தனை நாள் பிள்ளைகள் சோம்பேறித்தனத்தால் தாமதமாக வருகிறார்கள் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். "சரி, வலை எடுத்தப்புறமே மணி அடிக்கறேன். சாயங்காலம் கொஞ்சம் கூட உக்காருவோம்" என்றாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் வந்த காரியத்தைக் கேட்டாள். யான் சுருட்டைப் பற்றவைத்தான்.

"வீடு நகர்த்தும்போது முதல் முடிச்சைச் சொந்தக்காரன் அவுக்கணும். ஸ்கூலுக்குச் சொந்தக்காரன் யாரு?"

"அதிகாரிங்கதான் கட்டினாங்க. ஆனா உக்காந்து படிக்கறது உங்க பிள்ளைங்க. அப்ப நீங்கதானேண்ணே?"

யான் சுருட்டை அணைத்து வைத்தான். "அப்படின்னா சரி" என்றான்.

வீடுகளை நகர்த்தி முடித்ததும், பள்ளிக்கூடத்தை இழுக்க ஊரே வந்தது. முதல் முடிச்சை யார் அவிழ்ப்பது என்று ஒரு சண்டை நடந்து, சிம் ஜெயித்தாள். யானின் படகு முன்னால் இழுத்தது, மற்றவை இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டன. பள்ளிக்கூடம் முனகிக்கொண்டே அசைந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் நிறுத்துவதாகக் கொலாப் நினைத்திருந்தாள்.

"அங்க கட்டினா காத்து தூக்கி அடிச்சிடும்" என்று யான் கத்தினான். "சிம் வீட்டுக்குப் பின்னாடிதான் சரி."

"அங்கயா? புகை பூரா பிள்ளைங்க கண்ணுல அடிக்குமே!"

"சொந்தக்காரங்க நாங்களா, நீயா?" என்றாள் சிம்.

அந்த உரிமையைக் கொடுத்தவள் கொலாப்தான். கொடுத்ததைத் திருப்பிப் பிடுங்க முடியுமா? அங்கேதான் கட்டினார்கள். புகை வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகள் இருமத் தொடங்கியதும் சிம் முணுமுணுத்துக்கொண்டே அடுப்பைக் காற்றுக்கு அந்தப் பக்கம் மாற்றினாள். பெஞ்சுகள் நிறைந்தன. வலைக்குப் போய்விட்ட பெரிய பிள்ளைகளில் சிலர்கூடத் திரும்பி வந்தார்கள்.

சேதி பட்டணத்துக்கு எட்டியது. ஒரு நாள் பாடம் நடக்கும்போது அந்த அதிகாரி படகில் வந்து இறங்கினார்.

"யாரைக் கேட்டு இதை இங்க கொண்டு வந்தீங்க? மணி அடிக்கிற நேரத்தை மாத்த உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா? உங்க வேலை போயிடும், தெரியுமா?"

கொலாப் சாக்கட்டியோடு வாசலுக்கு வந்தாள். அதற்குள் சிம்மின் படகு மிதவையில் வந்து முட்டியது. இஞ்சின் எண்ணெய்க் கையோடு யான் ஏறி வந்தான். வலையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் இன்னும் படகுகள் வந்துகொண்டிருந்தன.

"நாங்கதான் கொண்டு வந்தோம்" என்றான் யான்.

"நீங்க யாரு?"

"ஏன், பார்த்தா தெரியலையா? இந்த ஸ்கூலுக்காரங்க" என்றாள் சிம். பிறகு கொலாப்பைப் பார்த்தாள். "நீ ஏன் இங்க நிக்கற டீச்சர்? உள்ள போய்ப் பாடத்தைச் சொல்லு. இவருகிட்ட நாங்க பேசிக்கறோம்."

கொலாப் உள்ளே போனாள். வெளியே சத்தம் ஏறிக்கொண்டே போனது. பிள்ளைகள் எல்லாம் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தன. அவள் கரும்பலகையைத் தட்டினாள்.

"இங்க பாருங்க. அடுத்த கணக்கு."