கொதிக்கக் கூடாத மருந்து

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் சாலை மறித்த காலம் அது. கல்வராயன் மலையில் கடுக்காய் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். லாரி நின்றது, வேலையும் நின்றது. கீழே இறங்கி வடக்கனந்தலில் ஒரு கோழிப் பண்ணையில் சேர்ந்தேன். எட்டாவதோடு நின்றவனுக்கு எல்லா வேலையும் ஒன்றுதான். சாப்பாடு போட்டார்கள், படுக்கச் சாக்கு இருந்தது.

பண்ணையைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் புருஷன், கறிக்கோழிக் குஞ்சுகளை இறக்கிய கையோடு மறியலுக்குப் போய் ஜெயிலில் இருந்தார். இடத்துக்காரர் வந்து, "இந்தத் தபா கோழி கெட்டுப்போச்சுன்னா கொட்டாயைக் காலி பண்ணிடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாலை மறியலால் தீனிக்கு மக்காச்சோளம் வரத்து இல்லை. சின்னசேலத்து வியாபாரி ஒருவரிடம் வண்டு விழுந்த கோதுமை கிடைத்தது. மில்லில் சப்பாத்திக்கு அரைப்பதுபோல் அரைத்துக் கொடுத்தார்கள். அதைத் தின்னத் தொடங்கியதும் கோழிகளின் எச்சம் கோந்தாக ஒட்டியது. தரையில் பரப்பிய உமி களியாகிவிட்டது. உள்ளே போனால் கண் எரியும். கோழிகளின் பாதங்களில் புண் வந்தது. புண் பிடித்த கோழியைக் கோழி வியாபாரி தொடமாட்டான்.

சைக்கிளில் கோழி மருந்து விற்கும் ஒருவர் ஒரு பொடியைக் கொடுத்தார். "கோதுமைல இருக்கிற பிசினை இது அறுத்துடும். தீனியில கலந்து போடுங்க" என்றார்.

அக்கா பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றினாள். கோதுமை மாவைக் கூழாகக் காய்ச்சி, கொதிக்கும்போதே பொடியைக் கொட்டிக் கிண்டினாள். ஆறியதும் நான் தட்டுகளில் ஊற்றினேன். தினமும் இப்படியே செய்தோம். எச்சம் மாறவேயில்லை.

"ஏமாத்திட்டான்டா அந்த ஆளு" என்றாள் அக்கா.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. விறகெல்லாம் நனைந்துவிட்டது. எப்படி ஊதியும் அடுப்பு பற்றவில்லை. கோழிகளோ பசியில் கத்தின.

"எப்படியும் சாவப் போவுதுங்க. பச்சையாவே கலந்து போடு" என்றாள். போட்டேன்.

மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. அதற்கு அடுத்த நாள் காலையில் மண்வெட்டியால் கிளறிப் பார்த்தேன். புதிய எச்சம் உருண்டையாகக் கிடந்தது, ஒட்டவில்லை. அக்காவைக் கூப்பிட்டேன். அவள் ஓடி வந்து குனிந்து பார்த்தாள். பிறகு விரலாலேயே தள்ளிப் பார்த்தாள்.

மருந்துக்காரர் வந்தபோது நடந்ததைச் சொன்னோம். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடுப்புல வெச்சீங்களா?"

"மருந்துன்னா கசாயம் மாதிரி கொதிச்சாத்தானேய்யா சாரம் எறங்கும்?"

"கசாயம் இல்லக்கா, இது ஒறை மோர் மாதிரி. கொதிக்கிற பால்ல ஒறை ஊத்துவீங்களா?"

"இன்னாய்யா, அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா வெச்சினு இருந்த?"

"அடுப்புல ஏத்துவீங்கன்னு நான் கனவா கண்டேன்! கோதுமையையும் மாவாக்காதீங்க. நொய்யா ஒடைச்சாப் போதும்."

அப்படியே செய்தோம். பழைய உமியை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிது பரப்பினோம். புண்கள் காய்ந்து பொருக்காக உதிர்ந்தன. கோழிகள் தட்டைச் சுற்றி ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு தின்றன.

சாலை திறந்ததும் கோழி வியாபாரி டெம்போவோடு வந்தான். ஒரு கோழியைத் தலைகீழாகப் பிடித்துப் பாதத்தைக் கட்டைவிரலால் தடவினான். இன்னொன்றை எடுத்தான். அக்கா கதவுக் கம்பியைப் பிடித்தபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்துங்கடா" என்றான்.

கூண்டுகள் ஏறி முடிந்து டெம்போ போனதும் அக்கா காலிக் கொட்டகைக்குள் காலை நீட்டி உட்கார்ந்தாள். "அடுத்த குஞ்சு எப்ப வருதுன்னு கேட்டுனு வா" என்று என்னைக் கள்ளக்குறிச்சியில் குஞ்சு விற்பவரிடம் அனுப்பினாள்.