அணாவில் விடும் பெருமூச்சு

படித்தவர்கள் எழுதுகிற இடத்தில் நான் எழுத வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. வீட்டுக்கு வெளி ஆண்கள் வந்தால் கோப்பியை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுகிறவள் நான். ஆனால் அடுப்படியில் இருந்தாலும் எல்லாம் காதில் விழும். இருபது வருடமாகக் கேட்டதில் கொஞ்சத்தையாவது இறக்கி வைக்காவிட்டால் எனக்குத் தாங்காது.

மலாக்காவில் காஜா பேராங்கில் எங்கள் வீடு. மெர்டேக்கா என்று இங்கே சொல்கிற சுதந்திரம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த ஊரில் இன்னும் எனக்குப் பழகாத விசித்திரம் நம் ஆட்கள் விலை பேசும் விதம்தான். சம்பளத்தை இந்த ஊர் டாலரான வெள்ளியில் வாங்குகிறார்கள், மீனை வெள்ளியில் வாங்குகிறார்கள், பெருமூச்சை மட்டும் அணாவில் விடுகிறார்கள். என் வீட்டுக்காரர் அரசாங்க ஸ்டோரில் கிராணி, கணக்கு எழுதுகிற குமாஸ்தா. அவரோடு வேலை செய்யும் தங்கவேலு அண்ணன் சாயங்காலமானால் எங்கள் கூடத்து நாற்காலிக்கு வந்துவிடுவார். பசாரில் முருங்கைக்காய் ஐந்து காசு ஏறினால் போதும். “நம்ம ஊர்ல அரையணாவுக்கு ரெண்டு இட்லி. சாம்பார் வாளியோட வைப்பான்!” என்று தொடங்குவார். என் வீட்டுக்காரர் விடுவாரா? “காலணாவுக்கு வெத்தலை வாங்கினா வீடு பூரா மெல்லலாம்” என்பார். அந்த இரண்டு இட்லியை இருபது வருடமாகச் சாப்பிடுகிறார்கள், இன்னும் தீர்ந்தபாடில்லை. போன மாதம் ஊருக்குப் போய்த் திரும்பிய ஒருவர், அங்கே இப்போது நயா பைசா வந்துவிட்டது, அணாவை எடுத்துவிட்டார்கள் என்றார். சாவுச் செய்தி கொண்டுவந்தவரைப் பார்ப்பதுபோல இருவரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு மறுபடி இட்லிக்குப் போய்விட்டார்கள். இந்தியாவே கைவிட்ட அணா எங்கள் கூடத்தில்தான் இன்னும் புழங்குகிறது.

எனக்கும் அந்த விலைகள் ஞாபகம் இருக்கின்றன. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். கத்தரிக்காய்க் கூடைக்காரி ஒருத்தி இருட்டோடு கிளம்பி நடந்து வருவாள். என் அம்மா அவளை வாசலில் நிறுத்திப் பேரம் பேசுவாள். வெயில் ஏற ஏற விலை இறங்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். கனக்கிற கூடையை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு அவள் எவ்வளவு தூரம்தான் போவாள்? கடைசியில் கேட்ட விலைக்கே கொடுத்து, கொசுறாக இரண்டு காயும் போட்டுவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்பாள். இவர்கள் உருகுகிற மலிவு அதுதான். அந்த இட்லிக்கு மாவாட்டியவளுக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்று தங்கவேலு அண்ணன் ஒருநாளும் சொன்னதில்லை, சாம்பாரைத்தான் சொல்கிறார். அத்தனை மலிவான ஊரை விட்டு ஏன் கப்பல் ஏறினார்கள்? அந்த அரையணாவும் கையில் இல்லாததால்தானே! ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று கிடந்தோமே, அதுவும் பழைய காலம்தான். அதை நினைத்து யாரும் பெருமூச்சு விடக் காணோம்.

இதையெல்லாம் கேட்டு உள்ளே சிரித்துக்கொண்டே காலத்தைத் தள்ளியிருப்பேன். ஆனால் இந்த மலிவுப் பேச்சு என் ஒரே மகள் கமலாவின் கழுத்துக்கு வந்துவிட்டது. அவளுக்குப் பதினேழு வயது. இங்கிலீஷ் பள்ளியில் கடைசி வருடம். டீச்சர் வேலைக்குப் படிக்க வேண்டும் என்று ஆசை. ஊரில் இருக்கும் தன் அக்கா மகனுக்கு அவளைக் கொடுப்பதாக இவர் கடிதம் போட்டுவிட்டார். பந்தல், சமையல், மேளம் எல்லாம் அங்கே மலிவாம். மூன்று பேருக்குக் கப்பல் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. திரும்பி வருவது நாங்கள் இரண்டு பேர். அவளைக் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை.

மனசு கேட்காமல் பின்வீட்டு அம்மாளிடம் போய்ச் சொன்னேன். அவர் மலாக்காச் செட்டி வம்சம், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய் பேசப் பழகிவிட்ட நம் ஆட்கள். நெற்றியில் பொட்டு, உடம்பில் மலாய்ப் பெண்கள் உடுத்துகிற கெபாயா, சாரோங். மாரியம்மனைக் கும்பிடுவார், தமிழ் மட்டும் வராது. ‘காக்காக்’ என்று கூப்பிடுவேன், அக்கா என்று அர்த்தம். கல்யாணம் அங்கே மலிவு என்பதால் கமலாவைக் கூட்டிப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் சொன்னேன். அரித்துக்கொண்டிருந்த மாவை அப்படியே வைத்துவிட்டு, “புடாக் இத்து சாக்கிட் ஆப்பா?” என்றார். மலிவு என்றால் ஏதோ குறை இருக்கும் என்று நினைத்து, அந்தப் பையனுக்கு என்ன வியாதி என்று கேட்கிறார்! வியாதி எதுவும் இல்லை, செலவுதான் குறைவு என்று எவ்வளவோ சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சாயங்காலம் பையன் சீக்கிரம் குணமாக வேண்டும் என்று மாரியம்மன் கோவில் திருநீறு கொடுத்தனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கவேலு அண்ணன் என்னைப் பார்த்தே ஆரம்பித்தார். “இங்க ஒரு கல்யாணம் பண்ற காசுல அங்க மூணு கல்யாணம் பண்ணலாம் தங்கச்சி!”

உள்ளறையிலிருந்து கமலாவின் குரல் வந்தது. “அதுக்கு மூணு பொண்ணு வேணுமே மாமா. இங்க நான் ஒருத்திதான் இருக்கேன்.”

“பாரு, வாயைப் பாரு! எல்லாம் இங்கிலீஷ் படிப்பு.”

“அங்க போனா அடங்கிடும்” என்றார் இவர், கோப்பியை எடுத்துக்கொண்டே.

அடுப்படிக்குத் திரும்பியவள் கூடத்திலேயே நின்றுவிட்டேன். என் அப்பா ஞாபகம் வந்தது. மலாயா மாப்பிள்ளை சீர் கேட்கவில்லை, கப்பல் செலவும் அவரே கொடுத்தார். எவ்வளவு குறைவான செலவில் பெண்ணைக் கரையேற்றினேன் பார் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

“எங்கப்பாவும் என்னை மலிவாத்தான் முடிச்சாரு” என்றேன்.

இவர் நிமிர்ந்து பார்த்தார். “என்ன சொன்னே?”

“எங்கம்மா செத்த சேதி ஜப்பான் சண்டை முடிஞ்சுதான் எனக்கு வந்துச்சு. அந்தச் செலவை அப்பா சேர்க்கல.”

“அது சண்டைக் காலம் தங்கச்சி, யார் என்ன பண்ண முடியும்?” என்றார் தங்கவேலு அண்ணன்.

“என்னைக் கப்பல் ஏத்தினது சண்டைக்கு முந்திண்ணே. நீங்க சொல்ற அரையணா இட்லிக் காலம்தான்.”

கூடத்தில் அதற்குப் பிறகு யாரும் விலை பேசவில்லை. தங்கவேலு அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். காலிக் கோப்பையை என்னிடம் நீட்டிக்கொண்டே இவர், “அக்காவுக்கு வாக்குக் கொடுத்துட்டேனே” என்றார்.

“நீங்க போய் இந்தக் கல்யாணம் வேணாம்னு நேர்ல சொல்லிட்டு வாங்க. அவ இங்க படிக்கட்டும், நான் அவளோட இருக்கேன்” என்றேன்.

எனக்கு ஊர் கசந்துவிட்டது என்று படிக்கிறவர்கள் நினைக்க வேண்டாம். வந்ததிலிருந்து ஒருமுறைகூட நான் திரும்பிப் போனதில்லை. அம்மா நின்று பேரம் பேசிய அந்த வாசலில் ஒரு தடவை நிற்க எனக்கும் ஆசை உண்டு.

மறுநாள் காலை இவர் டவுனுக்குப் போய் இரண்டு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஒன்று கமலாவுடையது. மற்றது என்னுடையது.