ஆளு இருக்குது

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு வேலைக்குப் போய்வரத் தொடங்கிய நாட்களில், காலை ரயிலின் மகளிர் பெட்டியில் அந்த அம்மாளைப் பார்ப்பேன். கழுத்தெலும்பு துருத்திய ஒல்லி உடம்பு. ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்து, பக்கத்தில் தாராளமாக இடம் விட்டிருப்பார். யார் உட்கார வந்தாலும், "ஆளு இருக்குதுங்க" என்பார். விழுப்புரம் வரை யாரும் வரமாட்டார்கள்.

ஒருநாள் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். மயிலம் தாண்டியதும், "யாருக்கா அது?" என்று கேட்டேவிட்டேன்.

கேப்பை அடையில் பாதியைத் தின்றுவிட்டு டப்பாவை மூடினார்.

"எங்கம்மா, அக்காங்க எல்லாருக்கும் பெருத்த உடம்பு. சுகர் வந்து ஒவ்வொருத்தரா போய்ட்டாங்க. உனக்கும் அந்த உடம்பு வரும், பரம்பரைன்னு டாக்டரு சொன்னாரு. நான் வாயக் கட்டிக்கினு அத வரவுடாம வச்சிருக்கேன். வரவேண்டிய உடம்பு வேற எங்க போவும்மா? பக்கத்துலயே உக்காந்துக்கினு வருது."

நான் என் அம்மாவைப் போலவே பருமன். கையில் மெதுவடை. அவர் என் பக்கத்திலிருந்த காலி இடத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"உன்னுது உள்ள பூந்துக்கிச்சி" என்றார். சிரிக்கவில்லை.

விழுப்புரத்தில் முதலில் இறங்கி, மெதுவாக இறங்கும் ஒருவருக்காக நிற்பதுபோல் கதவருகே நின்றார். பிறகுதான் நடந்தார்.

அதற்குப்பின் நானும் வடையை விட்டுக் கேப்பைக்கு மாறினேன். நன்றாகவே இளைத்துவிட்டேன். போன வாரம் அதே ரயிலில் ஒரு பெண் வந்து, "இங்க ஆளு இருக்குதாங்க?" என்றாள். அப்போதுதான் கவனித்தேன். நான் ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.