மாடி இல்லாத தீவுக்கு வந்த லிஃப்ட் மெக்கானிக்

முப்பத்தொரு ஆண்டுகள் பிறரை மேலே ஏற்றியும் கீழே இறக்கியும் வாழ்ந்த ஒருவர், ஓய்வு பெற்றபின் ஒற்றை மாடிகூட இல்லாத இடமாகப் பார்த்துக் குடியேற விரும்பியதில் வியப்பொன்றும் இல்லை. எங்கள் தீவில் முப்பத்தெட்டு வீடுகள். முப்பத்தெட்டும் தரையோடு தரையாக இருப்பவை. ஒரு கடை, பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை செவிலியர் வந்து அமரும் ஓர் அறை, மாலை ஆறு மணிமுதல் பத்து மணிவரை மின்சாரம் தரும் ஒரு ஜெனரேட்டர், செவ்வாயும் வெள்ளியும் வந்துபோகும் ஒரு படகு. இவற்றைத் தவிர இங்கே இருப்பவர்கள் மனிதர்கள். அவர்களை மட்டும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

நகரத்தில் அவருக்கு மனிதர்கள் பெரும்பாலும் குரல்களாகவே அறிமுகமானார்கள். இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன பெட்டிக்குள்ளிருந்து, "அண்ணா, இருக்கீங்களா? போயிடாதீங்கண்ணா!" என்று கெஞ்சும் குரல்கள். கதவு திறந்ததும் அக்குரல்களுக்கு உரியவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அவரைத் தாண்டிச் சென்றார்கள். அவருக்கு யார்மீதும் கோபமில்லை. போதும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அவருடைய மனைவியோ, மருத்துவமனை ஒன்றில் வரிசை எண் கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு ஆண்டுகள் அமர்ந்திருந்தவர். நாளொன்றுக்கு நானூறு பேரோடு பேசிப் பழகியவர்.

"அங்க யாரு இருக்கா?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல. அதான் அழகு."

"அப்ப அழகை நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. எனக்கு போட்டோ போதும்."

அவர் ஆறு மாதங்கள் மன்றாடியபின் அந்த அம்மாள் ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தார். ஓராண்டு இருந்து பார்ப்பது. இருவரும் தனித்தனியே நன்மை தீமைகளைத் தாளில் எழுதிவருவது. தீமை கூடினால் திரும்பிவிடுவது. நகரத்து வீட்டைப் பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு விட்டார்கள். அவ்வீடு ஏழாம் மாடியில் இருந்தது. அக்கட்டடத்தின் லிஃப்ட்டை மட்டும் அவர் ஒருநாளும் தொட்டதில்லை, அது வேறு நிறுவனத்துடையது, எப்போதும் பழுது.

பணி ஓய்வின்போது கிடைத்த நினைவுப்பரிசுகளுள், தலைப்பில் லிஃப்ட் படம் அச்சிட்ட பழுதுச் சீட்டுப் புத்தகங்கள் பன்னிரண்டும் அடங்கும். அவற்றில்தான் அவர் எழுதினார். முதல் மாதத்து நன்மைகளை எதிர்வீட்டுக்காரி என்ற முறையில் நானே கண்டிருக்கிறேன், எல்லாரிடமும் காட்டினார். 'பூட்டு தேவையில்லை', 'நாள்தோறும் புதிய மீன்', 'எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்', 'என் கைத்தொழிலுக்கு மதிப்பு இருக்கிறது.'

ஆறாம் மாதத்துக்குள் இந்த நான்கும், ஒரு சொல்லும் சேதமாகாமல், நன்மைப் பக்கத்திலிருந்து தீமைப் பக்கத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டன. பூட்டு இல்லாத வீட்டுக்குள் யாரும் தட்டாமல் நுழைந்தார்கள். மீன் நாள்தோறும் வந்தது. வேண்டாம் என்றாலும் வந்தது. கைத்தொழிலுக்கு இருந்த மதிப்பால் தையல் இயந்திரம், மூக்குக் கண்ணாடி, ஒருமுறை பொய்ப்பல் செட்டு ஆகியவைகூட 'லிஃப்ட் அண்ண'னின் மேசைக்கு வந்து சேர்ந்தன. இந்தப் பக்கத்தை அவர் யாரிடமும் காட்டவில்லை. மனைவியிடம் மறந்தும் காட்டவில்லை. பிடிவாதமாக இழுத்துவந்தவர் அவர் அல்லவா? எந்த முகத்தோடு காட்டுவார்?

இந்நிலையில், பதினொரு மாதம் முடியும் தறுவாயில், நகரத்துக் குடித்தனக்காரர் ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டு நீட்டித்துத் தருமாறு தாளை அனுப்பிவிட்டார். கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைப் படகில் அனுப்ப வேண்டும். இல்லையேல் அவர் வீட்டைக் காலி செய்துவிடுவார். இவர்கள் திரும்ப வேண்டியதுதான்.

இங்கே எங்கள் தகரப்பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். படகுத்துறைத் தூணில் பழைய பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்று ஆணியடித்து மாட்டப்பட்டிருக்கிறது. நகரத்திலிருந்து வேண்டியவற்றைத் தாளில் எழுதி அதில் போட வேண்டும். படகு புறப்படுமுன், படகுக்காரரின் தமக்கையான படகக்கா எல்லாத் தாள்களையும் உரக்க வாசிப்பார். வாசிக்கும் பொருள் தீவில் யாரிடமாவது இருந்தால் அவர், "இருக்கு!" என்று குரல் கொடுக்க வேண்டும், அதை வாங்க வேண்டியதில்லை. முன்னொரு முறை மூன்று வீட்டார் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஆளுக்கோர் ஏணி வரவழைத்தார்கள். மாடியே இல்லாத தீவில் மூன்று ஏணிகள். அன்றுமுதல் இந்த வழக்கம்.

அந்தச் செவ்வாயன்று லிஃப்ட் அண்ணன், பேட்டரியில் இயங்கும் அழைப்பு மணி ஒன்று வேண்டும் என்று எழுதிய தாளைப் புத்தகத்திலிருந்து கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். அதே பையில் மற்றொரு தாளும் இருந்தது. இரண்டின் தலைப்பிலும் லிஃப்ட் படம். அவர் எதைப் போட்டார் என்பதைப் படகக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கியபோதுதான் அவரும் அறிந்தார்.

"லிஃப்ட் தம்பி வீடு. ஒண்ணு: கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறார்கள்."

"இருக்கு!" என்றார் ஒருவர், பழக்கதோஷத்தால். கூட்டம் சிரித்தது. அவர்தாம் எங்கள் 'வானிலை'; மழை வரும் என்று அவர் சொன்னால் துணி உலர்த்துவோம்.

"ரெண்டு: மீன். வாரத்தில் ஏழு நாளும்."

"இருக்கு, இருக்கு! ரெண்டு கூடை இருக்கு!"

"மூணு: தீவு முழுவதிலும் அழைப்பு மணி ஒன்றுகூட இல்லை."

"பழைய படகு மணி எங்கிட்ட இருக்குக்கா," என்றார் கடைக்காரர், மிகுந்த பொறுப்போடு.

"நாலு: 'வானிலை' சொல்லும் வானிலை."

சிரிப்பு நின்றது. படகுத்துறைப் பலகையின் கோடியில் நின்ற லிஃப்ட் அண்ணன் சட்டைப்பையைத் தடவினார்; அழைப்பு மணித் தாள் அங்கேயே இருந்தது. படகக்கா வாசிப்பதை நிறுத்தியிருக்கலாமே என்று பின்னர் சிலர் கேட்டார்கள். பாதியில் நிறுத்தினால் மீதியை ஊர் கற்பனை செய்துகொள்ளும். அது இன்னும் கேவலம் என்று படகக்கா விளக்கினார். அதுவும் சரிதான்.

"அஞ்சு: எது பழுதானாலும் என்னையே கூப்பிடுகிறார்கள்."

ஆறாவது என்னைப் பற்றியது. அதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

"ஏழு: எங்கள் வீட்டுச் சண்டை எங்களுக்கு முன்பே கடையில் தெரிந்துவிடுகிறது. எட்டு: இதையெல்லாம் சொல்லிக்கொள்ள ஆளில்லை." தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவ்ளோதான்," என்றார் படகக்கா. பிறகு, "இதுல எதுவும் டவுன்ல கிடைக்காது, தம்பி," என்று மெதுவாகச் சேர்த்தார்.

எங்கள் தீவினருக்குச் சண்டை போடத் தெரியாது. மரியாதை கொடுக்கத் தெரியும். அது சண்டையைக் காட்டிலும் கொடியது. புதன்கிழமை காலை அவருடைய வாசலில் படகு மணி கயிற்றோடு தொங்கியது. யாரும் அதை அடிக்கவில்லை. யாரும் வரவும் இல்லை. மீன் வரவில்லை. வானிலை அவ்வீட்டைக் கடக்கும்போது வானத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்து நடந்தார். நானும் என் பக்கத்துச் சன்னலைச் சாத்திவைத்தேன். ஆறாவது குறைக்கு அதுவே பரிகாரம்.

முப்பத்தொரு ஆண்டுகளாக அவர் ஏங்கிய அமைதி, ஒரு வழியாகக் கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. புதன் மாலைக்குள், பழுதாகாத தையல் இயந்திரம் ஒன்றை இருமுறை கழற்றிப் பூட்டினார்.

வியாழன் மாலை ஆறரை மணிக்கு மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் கொட்டகை அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. அங்கிருந்து சுத்தியல் ஓசை வந்தது. ஒவ்வோர் அடியும் தம் பல்லின்மீது விழுவதுபோல் அவர் துடித்தார்.

"ஸ்பேனர் போட வேண்டிய எடத்துல சுத்தியலைப் போடறாங்க. கேக்குதா உனக்கு?"

"கேக்குது," என்றார் மனைவி, மெழுகுவத்தியைக் கொளுத்தியபடி. "நல்ல தாளம்."

பொறுக்க முடியாமல் ஓடினார். கடைக்காரர் சுத்தியலும் கையுமாக எழுந்து நின்று, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

"வாங்க சார். நீங்க ஏன் சார் சிரமப்படறீங்க?"

"என்னய்யா சாரு? முந்தாநேத்து வரைக்கும் அண்ணன்தானே நான்!"

"பட்டியல்ல அஞ்சாவதா இருக்கே, சார். உங்களத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு ஊரே முடிவு பண்ணிருக்கு. இருட்டு எங்களுக்குப் பழக்கம்தான்."

'அண்ணன்' என்ற சொல்லுக்கும் 'சார்' என்ற சொல்லுக்கும் இடையே எத்தனை மாடி உயரம் என்பதை அவரைப்போல் அளந்தவர் வேறொருவர் இருக்க முடியாது. தொங்கிய முகத்தோடு திரும்பிவந்தார். மேசைமீது ஒப்பந்தத் தாள் இருந்தது.

"நாளைக்குப் படகு," என்றார் மனைவி. "என்ன பண்றதா உத்தேசம்?"

"எனக்கென்ன? உனக்காகத்தான் யோசிக்கறேன். உனக்குத்தான் இந்த எடமே பிடிக்கலயே."

"யாரு சொன்னா?"

"நீதான். வந்த அன்னைக்கு. படகுல இருந்து எறங்கறதுக்கு முன்னாடியே."

"அன்னைக்கு எனக்குக் கடல் ஒத்துக்கல. வாந்தி எடுத்துட்டு இருந்தவ சொன்னத எல்லாம் சாசனமா வச்சுக்குவாங்களா?"

"அப்ப நீ எழுதின பட்டியல்?"

"பருப்பு டப்பாவுக்குக் கீழ விரிச்சிருக்கேன். எறும்பு படிச்சிட்டு இருக்கும்."

உண்மையில், இத்தனை மாதங்களில் அந்த அம்மாளை அவர் கவனிக்கவே இல்லை. செவிலியர் வரும் நாளில் முண்டியடித்த எங்களுக்கு அட்டையை வெட்டி வரிசை எண் கொடுக்கத் தொடங்கியவர் அவர். எங்களுக்கு அது பிடித்துப்போய், இப்போது கடையில் மூன்று பேர் நின்றால்கூட எண் கேட்கிறோம். நாளொன்றுக்கு நானூறு பேரைச் சமாளித்தவருக்கு எங்கள் தீவின் நூற்றுச்சொச்சம் பேர் குறைவுதான். ஆனால், இங்கே எல்லாரும் நாள்தோறும் வருகிறார்கள்.

"எட்டாவதா ஒண்ணு எழுதிருந்தீங்களே, சொல்லிக்க ஆளில்லன்னு. அப்ப நான் யாரு?"

"உன்கிட்ட எப்படிச் சொல்வேன்? இழுத்துட்டு வந்தவனே நான்தானே."

"அதனால என்கிட்ட மறைச்சு ஊருக்கே சொல்லிட்டீங்க. நல்ல ரகசியம்." சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளை அவர்புறம் நகர்த்தினார். "நான் கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க போடலன்னா, நீங்க மட்டும் போய் ஏழாம் மாடியில இருங்க. லிஃப்ட் ரிப்பேராம், குடித்தனக்காரர் எழுதிருக்கார்."

கொட்டகையிலிருந்து மீண்டும் சுத்தியல் ஓசை எழுந்தது. அவர் பேனாவைக் கையில் எடுத்தார். பட்டியலில் இல்லாத ஒன்று அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். ஏழாம் மாடியில் அவரை 'சார்' என்றுகூட அழைக்க ஆளில்லை.

வெள்ளிக்கிழமை படகுத்துறையில் வழக்கத்தைவிடக் கூட்டம் மிகுதி. மாற்றி வாசிக்க நேருமோ என்ற அச்சத்தில், படகக்கா கண்ணாடியை இருமுறை துடைத்துக்கொண்டார். முதலில் வந்தது ஒப்பந்தத் தாள்.

"லிஃப்ட் தம்பி வீடு. குடித்தனக்காரருக்கு: இன்னும் ஓராண்டு இருந்துகொள்ளலாம். ரெண்டு கையெழுத்தும் இருக்கு."

தீவினர் முகங்களில் மகிழ்ச்சி இருந்தது; ஆனால், அதை முதலில் காட்டுபவர் யார் என்ற போட்டியில் எவரும் வெல்ல விரும்பவில்லை. அடுத்து, லிஃப்ட் படம் போட்ட தாளொன்று வந்தது. படகக்கா அதை முதலில் மனத்துக்குள் வாசித்தார். எங்கள் வழக்கத்தில் அவர் அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. பிறகு உரக்க வாசித்தார்.

"தேவை: கதவைத் தட்டாமல் உள்ளே வருகிற ஆள். நகரத்திலிருந்து வாங்க வேண்டாம். கைவசம் இருந்தால் போதும்."

தலையைக் குனிந்து நின்ற லிஃப்ட் அண்ணனின் காதுகள் சிவந்தன. முப்பத்தொரு ஆண்டுகள் பெட்டிக்கு வெளியே நின்று, "இருக்கேன், பயப்படாதீங்க," என்று சொல்லிப் பழகியவர், முதன்முறையாகப் பெட்டிக்கு உள்ளே நின்றார்.

"இருக்கு," என்றார் வானிலை.

"இங்கயும் ஒண்ணு இருக்கு!" என்றார் கடைக்காரர். "அண்ணா, அந்த ஸ்பேனரை எடுத்துட்டு வாங்க. ரெண்டு நட்டைக் கடல்ல விட்டுட்டோம்."

நான் என்ன சொன்னேன் என்பதும் அவசியமற்றது. சன்னலைத் திறந்துவிட்டேன் என்பது போதும்.

அன்று பிற்பகலுக்குள் அவ்வீட்டில் பதினான்கு பேர் தட்டாமல் நுழைந்தார்கள். ஏழு வீட்டு மீன் வந்தது. கடையில் நடந்த வாக்குவாதத்தில், ஒப்பந்தத்தில் முதலில் கையெழுத்திட்டவர் மனைவியே என்பது உறுதியாயிற்று. அதை யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. மாலையில் ஜெனரேட்டர் ஓடி விளக்கு வந்ததும், லிஃப்ட் அண்ணன் எண்ணெய்க் கையோடு அமர்ந்து, புதிய தாளொன்றில் 'ஒன்று: இவ்வளவு பெரிய மணி தொங்குகிறது, ஒருவரும் அடிப்பதில்லை' என்று எழுதினார்.

அதன்பின் ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும், அவர் படகுத்துறைக்குக் கிளம்புமுன் அவருடைய சட்டைப்பையை மனைவி சோதித்தே அனுப்புகிறார்.