ஒரு வினைமுற்றுக்கு ஆசைப்பட்டவள்

சித்திரை மாதம் வந்தால்தான் தொலைக்காட்சிக்காரர்களுக்கு எங்கள் விழுப்புரம் நினைவுக்கு வரும். திருநங்கைகள் கூடும் திருவிழாவைப் படம்பிடித்து, தாலி, வளையல், ஒப்பாரி என்று வரிசையாகக் காட்டிவிட்டுப் போவார்கள். அதனால் போன வருடம் ஆவணியில் அரசுத் தொலைக்காட்சியின் தயாரிப்பாளர் ஒருவர் வந்து இறங்கியபோது, லாட்ஜ்காரர், "இப்ப இன்னா சார் சீசனு?" என்று கேட்டாராம். அவர் வந்தது திருவிழாவுக்காக அல்ல, திருநர் குழந்தைகளைப் பற்றிய அரைமணி நேர நிகழ்ச்சிக்காக. உள்ளூரில் கூடவே சுற்ற ஓர் ஆள் தேவை என்றார்கள். புதுச்சேரியில் இதழியல் படித்து முடித்துவிட்டு, உலகத்தைத் திருத்தும் வேலை எங்காவது காலியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த நான் உடனே கையைத் தூக்கினேன்.

எனக்குத் தெரிந்த குழந்தை என் தாய்மாமாவின் பிள்ளை. கிளியனூர் பக்கம் வீடு, திண்டிவனத்தில் எட்டாம் வகுப்பு. பள்ளிப் பதிவேட்டில் ஆண். ஐந்தாவது படிக்கும்போதே, தான் பெண் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அடி, பூசாரி, டாக்டர், மறுபடியும் பூசாரி என்று ஒரு சுற்று முடிந்து, இது நோயே இல்லை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு வீடு ஒருவகை அமைதிக்கு வந்தது. அமைதி என்றால், மாமா தன் பேச்சிலிருந்து ஆண்பால், பெண்பால் இரண்டையும் எடுத்துவிட்டார். ஸ்கூலுக்குப் போயாச்சா, துன்னாச்சா, தூங்கியாச்சா. எல்லாமே ஆச்சு. மூன்று வருடமாக அவர் வாயிலிருந்து ஓர் 'அவன்' வரவில்லை, ஓர் 'அவள்' வரவில்லை. புலவர் பட்டம் பெற்றவர்கள்கூட ஒரு நாள் முழுக்க அப்படிப் பேசித் தாக்குப்பிடிக்க முடியாது.

நிகழ்ச்சிக்கு மாமா ஒப்புக்கொண்டார். முகத்தைக் காட்டக் கூடாது, பேரைச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். அவளும் ஒப்புக்கொண்டாள். ஆனால் அவளுக்கும் ஒன்று வேண்டியிருந்தது. வேர்க்கடலைச் செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அக்கா, டிவில 'படிக்கிறாள்'னு ஒரே ஒரு வாட்டி சொல்லச் சொல்றியா? கவர்மெண்டு டிவில சொன்னா எங்கப்பா நம்பும்."

சரியான கணக்குதான். செல்போனில் வரும் எதையும் மாமா நம்பமாட்டார். ஆனால் அரசுத் தொலைக்காட்சியில் இன்று மழை இல்லை என்று சொல்லிவிட்டால், கொட்டுகிற மழையிலும் மல்லாட்டையைக் காயப்போடுவார். ஒரு வாட்டி என்ன, பத்து வாட்டி சொல்லவைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

தயாரிப்பாளர் நல்ல மனிதர். சிக்கலே அங்கேதான். இப்படிப்பட்ட குழந்தை எப்படி இருக்கும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. கண்ணாடி முன் நிற்கும், பொட்டு வைத்துப் பார்க்கும், ஜன்னல் வழியே வானத்தை ஏக்கத்தோடு நோக்கும். அவளோ அல்ஜீப்ரா நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு காத்திருந்தாள். வானத்தைப் பார்க்கச் சொன்னதும் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எவ்ளோ நேரம் சார் பாக்கணும்? மேல ஒண்ணுமே இல்லியே" என்றாள். ஆளுயரக் கண்ணாடி இல்லாததால் மாமாவின் பைக் கண்ணாடியில் பொட்டு வைக்கவைத்தார்கள். முகம் தெரியக் கூடாதே, அதனால் அவளுடைய பாதம், பின்னல், நிழல் என்று துண்டு துண்டாக எடுத்தார்கள். அன்று முழு முகத்தோடு படமானது வீட்டு ஆடு மட்டும்தான்.

அடுத்தது பின்னணிக் குரலுக்கான உரை. 'அவன்' என்று எழுதத் தயாரிப்பாளருக்கு மனசு வரவில்லை. 'அவள்' என்று எழுதி அனுப்பினால், பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று மேலிடத்தில் கேட்டார்கள். ஒரு நாள் 'அவர்' என்று எழுதிப் பார்த்தார். 'அவர் எட்டாம் வகுப்பு பயில்கிறார். மாலையில் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுகிறார்.' படித்துப் பார்த்தால் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் கண்முன் வந்து நின்றார்.

நான்தான் வழி சொன்னேன். 'குழந்தை' என்று போட்டுவிடலாம் சார், ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, யாரும் வாய் திறக்க முடியாது. அவர் எழுந்து கைகுலுக்கினார். மேலிடமும் அன்றைக்கே சம்மதித்தது. 'அவன்' என்று சொல்லாமல் தடுத்துவிட்டேனே, பாதி வெற்றி என்று எனக்கு நானே மதிப்பெண் போட்டுக்கொண்டேன். அவளிடம் மட்டும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒளிபரப்பு. மாமா, அத்தை, புது சுடிதாரில் அவள், நடுவில் நான். கம்பீரமான குரல் ஆரம்பித்தது.

"இக்குழந்தை எட்டாம் வகுப்பு படிக்கிறது. நன்றாகக் கணக்குப் போடுகிறது."

எழுவாயை மாற்றினேனே தவிர, வினை எங்கே போய் முடியும் என்று யோசிக்கவே இல்லை. எங்கள் பக்கம் பெற்ற அப்பனையே 'வந்துச்சு, போச்சு' என்போம், அதில் பாசம்தான் இருக்கும். அச்சுத் தமிழில், கம்பீரமான குரலில் வரும் 'அது' வேறு. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து விழும் 'அது' அதுதான். திரையில் இப்போது ஆட்டின் முகம் நிறைந்தது. "அது தனிமையில் எதையோ சிந்திக்கிறது" என்றது குரல்.

"அக்கா, இது என்னிய சொல்றாங்களா, ஆட்ட சொல்றாங்களா?" என்று கேட்டாள். உடனே எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மாமா அசையாமல் கடைசிவரை பார்த்தார். உங்கள் கருத்துகளை எழுதி அனுப்புங்கள் என்று முகவரி வந்தபோதுதான் வாயைத் திறந்தார். நாளைக்குப் போஸ்ட் ஆபீசில் ஒரு கார்டு வாங்கிக்கொண்டு வரச் சொன்னார், ஜல்தியாக.

மறுநாள் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். உங்கள் நிகழ்ச்சியில் தவறு இருக்கிறது என்று தொடங்கினோம். பழக்கதோஷத்தில் 'என் குழந்தை' என்று எழுதிவிட்டேன். எட்டிப் பார்த்தார்.

"மறுபடியும் கொயந்தயா? ஏம்மா, பேஜாரு பண்ணிக்கினு. அட்ச்சிட்டு எய்து. என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நல்லா கணக்கு போடுகிறாள். இப்பிடி சொல்லணும்னு எய்து."

கோர்ட்டில் சாட்சி சொல்கிறவரைப்போல ஒவ்வொரு சொல்லையும் திருத்தமாக, தெருவுக்கே கேட்கச் சொன்னார். உள்ளே அவள் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோனது. மாமா அந்தப் பக்கம் திரும்பவில்லை. கார்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து, "துன்னாச்சா?" என்றார்.

மூன்று வாரம் கழித்து நேயர் கடிதம் பகுதியில் எங்கள் கார்டு வந்தது. அறிவிப்பாளர் அம்மா முகமெல்லாம் சிரிப்பாகப் படித்தார்.

"கிளியனூர் பக்கமிருந்து ஒரு நேயர் எழுதுகிறார். 'என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நல்லா கணக்கு போடுகிறாள்.' மிக்க மகிழ்ச்சி ஐயா. உங்கள் மகளுக்கு எங்கள் வாழ்த்துகள்."

அவ்வளவுதான். தவறு என்று எழுதிய வரிகள் எங்கே போயினவோ, அடுத்த கடிதத்துக்குப் போய்விட்டார். மாமாவுக்கு வந்ததே கோபம். கம்ப்ளெயின்ட் எழுதினால் வாழ்த்துச் சொல்கிறார்களே, இவர்களுக்கெல்லாம் தமிழ் படிக்கத் தெரியுமா, இன்னொரு கார்டு வாங்கு என்று என்னிடம் கத்திக்கொண்டிருந்தார்.

அவள் அல்ஜீப்ரா நோட்டை மூடிவிட்டு விரலை மடக்கிக்கொண்டிருந்தாள்.

"படிக்கிறாள், போடுகிறாள். ரெண்டு வாட்டி சொல்லிட்டாங்கக்கா. நான் ஒண்ணுதான கேட்டேன்."