பாதியில் நின்ற பெட்டி

பத்தாவதோடு படிப்பை விட்டவன் நான். லாரி கிளீனர், செல்போன் கடை, பரோட்டா மாஸ்டருக்கு எடுபிடி என்று ஊர் ஊராகத் திரிந்துவிட்டு, வீடியோ பார்த்துக் கோடிங் கற்றுக்கொண்டேன். மதுரை தல்லாகுளத்தில் ஒரு சின்ன ஆபீசில் இருந்த நண்பன் முதலாளியிடம் எனக்காகப் பேசினான். முதல் வேலை சரியாக வந்தால்தான் நிரந்தரம்.

கப்பலூரில் ஒரு கம்பெனிக்கு லோடு ஏற்றத் திட்டமிடும் திரை செய்ய வேண்டும். சரக்குப் பெட்டியின் படத்தை மவுஸால் இழுத்து லாரிப் படத்துக்குள் வைப்பது. செய்தேன். என் கையில் ஒழுங்காகத்தான் வந்தது.

நானும் நண்பனும் காட்டப் போன அன்று, லோடிங் பார்க்கும் அண்ணன் மவுஸை வெடுக்கென்று இழுத்தார். அம்புக்குறி லாரிக்குப் போய்விட்டது. பெட்டி பாதியிலேயே நின்றது. மறுபடி இழுத்தார். மறுபடி நின்றது.

"என்ன தம்பி, பெட்டிக்கு லாரில ஏற மனசில்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நண்பன் மட்டும் சிரிக்கவில்லை.

"மெதுவா இழுங்கண்ணே. வேகமா இழுத்தா கம்ப்யூட்டர் தாங்காது" என்றேன்.

"எம்புட்டு மெதுவா?"

மேசைமேல் விரலை நகர்த்திக் காட்டினேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நிறைந்த டம்ளரைக் கொண்டுபோவதுபோல் இழுத்தார். பெட்டி ஏறியது. வேலையை ஏற்றுக்கொண்டார்கள்.

திரும்பும்போது பைக்கை ஓட்டிக்கொண்டே நண்பன் கேட்டான். "மாப்ள, கம்ப்யூட்டர் தாங்காதா, நீ எழுதுனது தாங்காதா?"

ஆபீசுக்குப் போனதும் எழுதியதைத் திறந்து பார்த்தேன்.

மவுஸ் நகரும்போதெல்லாம் வரும் தகவலைப் பெட்டி மட்டும் கேட்கும்படி எழுதியிருந்தேன். வேகமாக இழுத்தால் அம்புக்குறி பெட்டியை விட்டு வெளியேறிவிடும். அப்புறம் பெட்டிக்குத் தகவல் வராது. முழுத் திரையும் கேட்கும்படி மாற்றினால் தீர்ந்தது. நான்கைந்து வரிதான். எழுதிய நாளெல்லாம் என் கை தன்னை அறியாமல் மெதுவாக இழுக்கப் பழகியிருந்தது.

யாரிடமும் சொல்லாமல் திருத்தி அனுப்பினேன். வேலையும் நிரந்தரமானது. பிறகொரு நாள் கப்பலூர் போனபோது, அந்த அண்ணன் இன்னும் மூச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு டிரைவர், "அண்ணே, இன்னைக்கு ஏத்துவீங்களா, நாளைக்கு வரவா?" என்று கத்தினார்.

"இருய்யா, வேகமா இழுத்தா இது தாங்காது."

நான் மவுஸை வாங்கி வெடுக்கென்று இழுத்தேன். பெட்டி கூடவே ஓடி லாரியில் ஏறியது.

அவர் முகம் மலர்ந்தது. "தாங்க வச்சிட்டீங்களே தம்பி! ஏப்பா, தம்பிக்கு ஒரு டீ சொல்லு."

என் தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். டீ வந்துவிட்டது. வாங்கிக் குடித்தேன்.