பச்சையை அழுத்திய கை

லைன்மேன்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. துணை மின்நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் போனை எடுத்ததும் "கன்ட்ரோல் பேசறேன்" என்று சொன்ன மனிதர், கடைசியில் கன்ட்ரோல் என்றே ஆகிவிட்டார். சட்டசபை உறுப்பினரான பிறகும் அதே பெயர்தான். "பேருதான் கன்ட்ரோல், வீட்ல டிவி ரிமோட்கூட அவர் கையில இல்ல" என்பாள் அவர் மனைவி. அவள் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களை வரிசைப்படுத்துகிறவள். வாய் கொஞ்சம் நீளம். புருஷனை அவள் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்வாள். அடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தப்ப முடியாது.

லைனில் வேலை முடிந்ததும் மின்சாரத்தைத் திரும்பக் கொடுப்பதற்கு முன் அவருக்கு இரண்டு குரல் கேட்க வேண்டும். கம்பத்தில் ஏறியவன் குரல் ஒன்று, கீழே காவலாக நின்றவன் குரல் ஒன்று. ஒரு தடவை பெரிய மனிதர் ஒருவரின் கூட்டம் இருட்டில் நின்றது. என்ஜினீயர் போனில் குதித்தார். இரண்டாவது குரல் வரவில்லை, ஆகவே இவர் சுவிட்சைத் தொடவில்லை. நாற்பது நிமிஷம் கழித்துத்தான் தெரிந்தது, போன் செத்துப்போய் ஒருத்தன் இன்னும் மேலேயே இருந்திருக்கிறான். இவருக்கு மெமோ கிடைத்தது. கம்பத்தில் இருந்தவன் பிறகு இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தான்.

கம்பத்துக்கு இரண்டு பேர் என்ற அந்த விதிக்கு ஆபத்து என்று பேச்சு கிளம்பியபோதுதான் அவரைத் தேர்தலில் நிறுத்தினார்கள். ஒப்பந்தக் கம்பெனி ஒன்று வரப்போகிறது, கம்பத்துக்கு ஒரே ஆள் போதும் என்று சட்டம் கொண்டுவரப் பார்க்கிறது என்று தெரிந்தது. முன்னூற்று எண்பத்தாறு லைன்மேன்கள் ஆளுக்கு ஒருநாள் சம்பளம் போட்டார்கள். தேர்தல் செலவு முழுக்க அதுதான். கம்பெனி நைசாக இரண்டு ஜீப்பும் ஒலிபெருக்கியும் அனுப்பிப் பார்த்தது. "பெட்ரோல் போட்டவன் சொல்ற இடத்துக்குத்தான் வண்டி போகும்" என்று சொல்லி இவர் திருப்பி அனுப்பிவிட்டார். பணம் கொடுத்தவர்கள் பட்டியலை அலுவலகக் கதவின் உள்பக்கம் ஒட்டினார், வெளியே போகும்போதெல்லாம் கண்ணில் படட்டும் என்று.

அதன் பக்கத்திலேயே இன்னொரு காகிதம். சபையில் எந்த மசோதாவுக்கு ஆதரவு, எதற்கு எதிர்ப்பு, ஏன் என்று தன் கையாலேயே எழுதி வைப்பார். படித்துவிட்டுச் சண்டை போட வருகிறவர்களுக்கு நாற்காலியும் உண்டு. பஸ் கட்டண உயர்வுக்கு ஆதரவாகக் கை தூக்கிய வாரம், தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகும் ஒரு பெண்மணி வந்து அரைமணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். இவர் கேட்டுக்கொண்டு இருந்தார். அந்தம்மா போன பிறகு, "அவங்க சொன்னதுல பாதி நியாயம்" என்று அதையும் காகிதத்தில் எழுதினார். இப்படி ஒரு மனிதரைப் பிழைக்கத் தெரியாதவர் என்று சொன்னார்கள். சொல்லட்டும். பிழைக்கத் தெரிந்தவர்களால் இந்த உலகம் பட்டது போதும்.

இரண்டு வருடம் கை தூக்கித்தான் வாக்களித்தார்கள். மூன்றாவது வருடம் சபைக்கு மெஷின் வந்தது. ஒவ்வொரு இருக்கையிலும் இரண்டு பட்டன். ஆதரவு என்றால் பச்சை, எதிர்ப்பு என்றால் சிவப்பு. பத்து வினாடி அவகாசம். முதல் முதலாக அதில் வாக்கெடுப்புக்கு வந்தது எது தெரியுமா? அந்த ஒற்றை ஆள் மசோதாவேதான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். துணை மின்நிலையத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் லைனில் மின்சாரம் ஓடுகிறது என்று அர்த்தம். பச்சை எரிந்தால் நிறுத்தியாகிவிட்டது, ஆபத்தில்லை, ஏறலாம். இருபத்திரண்டு வருடம் அந்தப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தவர். இந்த மசோதாவை நிறுத்த வேண்டும் என்று மனசு துடித்தது. கை தானாகப் பச்சைக்குப் போனது. அழுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தால் பெரிய பலகையில் அவர் பெயர் ஆதரவு வரிசையில் எரிகிறது. ஆதரவு எழுபது, எதிர்ப்பு நாற்பத்தொன்பது. மசோதா நிறைவேறியது. அவர் சரியாகவே அழுத்தியிருந்தாலும் நிறைவேறியிருக்கும். ஆனால் அந்தப் பெயர் அங்கே எரிந்திருக்காது.

மனைவி அதைக் கிளினிக் டிவியில் பார்த்தாள். டாக்டர் கையில் பல் குடையும் கருவியோடு வெளியே வந்து, "அது உங்க வீட்டுக்காரர் இல்ல?" என்றார். அந்த நிமிஷம் அவளுக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? கம்பெனிக்காரன் இவரையும் மடக்கிவிட்டானோ என்பதுதான். இருபது வருடம் ஒன்றாகக் குடித்தனம் செய்தவளுக்கே அப்படித் தோன்றியது என்றால் ஊருக்கு என்ன தோன்றியிருக்கும்? அந்த நினைப்புக்காக அவள் பின்னால் ரொம்ப நாள் வெட்கப்பட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். நடந்ததைச் சொன்னார். சபைச் செயலாளர் ஒரு வழி காட்டியிருந்தார்: பட்டன் வேலை செய்யவில்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பதிவில் வாக்கை மாற்றிவிடலாம். கை தவறிவிட்டது என்றால் மாற்ற விதி இல்லை.

"அப்புறம் என்னங்க? எழுதிக் குடுத்துட்டு வர வேண்டியதுதானே."

"பட்டன் நல்லாத்தான் வேலை செஞ்சுது."

"அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். மெஷின் வந்து சாட்சி சொல்லப் போகுதா?"

"அந்த மெஷினைப் பாத்துக்கறதுக்கு ஒரு எலக்ட்ரீஷியன் இருக்கான்மா. கான்ட்ராக்ட் ஆளு. முதல் நாளே கோளாறுன்னு எழுதினா, நாளைக்கு அவன் வேலை போயிடும்."

"உங்க பேரு போகுதே."

"என் பேரை நான்தானே கெடுத்தேன். அவன் என்ன பண்ணுவான் பாவம்?"

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஊரில் இருக்கிற எலக்ட்ரீஷியனுக்கெல்லாம் இரக்கப்படுகிறவருக்குத் தன் வீட்டு மானம் கண்ணில் படவில்லையே என்று பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை தொழிற்சங்க ஹாலில் கூட்டம் கூடியது. பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் சுவரோரமெல்லாம் ஆட்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்று ஆளுக்கொரு தொகை சொன்னார்கள். அவர் எழுந்து சிவப்பையும் பச்சையையும் சொன்னார். லைன்மேன்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் புரிவது வேறு, ஆறுவது வேறு.

அவர்களில் மூத்தவர், மீசைக்காரர் என்றால் எல்லாருக்கும் தெரியும், எழுந்து நின்றார். "மெஷின் கோளாறுன்னு சொல்லிடுங்க. நாங்க நம்பிடறோம். வெளியில சொல்லிக்க எங்களுக்கும் ஒரு வார்த்தை வேணும்ல?"

"மெஷின்ல தப்பில்ல. தப்பு என் கையில."

"அப்ப என் ஒருநாள் சம்பளத்தைக் குடுத்துடுங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "இன்னும் யாருக்கு வேணும்னாலும் வாங்கிக்கலாம்" என்றார். நாற்பத்தொரு பேர் வந்தார்கள். ஸ்கூட்டரை விற்றுத்தான் எல்லாருக்கும் கொடுத்து முடித்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி நாற்பத்தொரு முகத்தையும் மனப்பாடம் செய்தாள். மீசைக்காரருக்கு என்று தனியாகச் சில வார்த்தைகள் சேர்த்து வைத்தாள். என்றைக்காவது தனியாக மாட்டாமலா போவார்?

நாலு மாதத்தில் ஒப்பந்த ஆள் ஒருவன் தனியாகக் கம்பத்தில் ஏறி, அங்கேயே செத்துப்போனான். இவர் துக்கம் கேட்கப் போனார். அவன் தாய் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு சபை கூடிய ஒரு நாள்கூட அவர் சும்மா இருந்ததில்லை. பட்ஜெட் பேச்சு என்றாலும் கம்பம், மீன்பிடித் துறைமுகம் என்றாலும் கம்பம். மற்ற உறுப்பினர்கள் அவரைக் கண்டாலே, "வந்துட்டார்யா ரெண்டு பேரு" என்று சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்க் காத்திருந்து பேசினார். அன்றைக்குப் பச்சையை அழுத்திய எழுபது பேரில் பதினோரு பேரைக் கரைப்பதற்கு ஒன்றரை வருடம் ஆனது. இரண்டு பேர் விதியைத் திரும்பக் கொண்டுவரும் திருத்தம் மூன்று வாக்கில் ஜெயித்தது. அன்றைக்கு வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, இடது கையால் பட்டனை அழுத்தினார். கேட்டதற்கு, "பழகின கையை நம்பக் கூடாது" என்றார்.

அடுத்த தேர்தலில் இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கில் தோற்றார். பச்சை பட்டன் கதைதான் எதிராளியின் போஸ்டர் முழுக்க. இப்போது குடிநீர் பம்ப் ஹவுஸில் மோட்டார் பார்க்கும் வேலை. ஷிப்ட்டுக்கு நடந்தே போகிறார்.

போன மாதம் ஒருநாள் மத்தியானம் கிளினிக்கில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு மீசைக்காரர் வந்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கி மீசையே கோணியிருந்தது. பின்னாலேயே இன்னொரு லைன்மேன். இரண்டு பேர் கையிலும் ஹெல்மெட். சேர்த்து வைத்த வார்த்தைகளெல்லாம் அவள் நாக்கு நுனிக்கு வந்து நின்றன.

"யாருக்குப் பல்லு?"

மீசைக்காரர் தன்னைக் காட்டினார்.

"அப்ப இவரு எதுக்கு?"

மீசைக்காரருக்கு வாய் சரியாகத் திறக்கவில்லை. மற்றவர்தான் பேசினார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா வர்றோம் அண்ணி. காலையில மேல இவருக்கு ஷாக் அடிச்சிடுச்சு. பெல்ட்ல தொங்கிட்டாரு, மூஞ்சி இரும்புல போய் மோதிடுச்சு. ரெண்டாவது ஆளா நான் கீழ நின்னதால உடனே போன் பண்ணி லைனை நிறுத்தச் சொல்லிட்டு, ஏறி இறக்கினேன். அங்க மத்ததெல்லாம் நல்லாருக்குன்னுட்டாங்க. பல்லு மட்டும்தான் போச்சு."

அவள் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மூன்று வருடமாகப் பத்திரமாக வைத்திருந்ததில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

மீசைக்காரர் கன்னத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அண்ணனுக்கு நான் ஓட்டுப் போடல, அண்ணி."

"தெரியும்," என்றாள் அவள். காத்திருந்தவர்களை ஒருமுறை பார்த்தாள், பிறகு டாக்டரின் அறைக் கதவைக் கைகாட்டினாள். "உள்ள போங்க. ரெண்டு பேருமே போங்க."